கூராவின் துணிச் சரங்கள்

"சரமெல்லாம் ஆணியிலதானே இருக்கு?" என்று கூரா போனில் கேட்டபோது, அவள் கணவர் மாத்தாயோ அந்தச் சரங்களுக்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தார்.

ஆணி வீட்டுக்குள் இருந்தது. சரங்கள் தக்காளிப் பாத்திக்கு மேலே, இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் மைனா ஒன்று சாவகாசமாக உட்கார்ந்து, வந்த வேலையை முடித்துவிட்டுப் பறந்துபோனது.

"ஆணியிலதான்" என்றார் மாத்தாயோ.

"அப்ப சரி. அடுத்த சனிக்கிழமை பிளேன்ல வர்றேன். வந்த வாரமே பொம்பளைங்க எல்லாரையும் கூட்டி உக்காந்து தைச்சு முடிச்சிடணும்."

நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு மகள் மெரேயின் பிரசவத்துக்கென்று போனவள் கூரா. மூன்று மாதத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். குழந்தை பிறந்தது, கவிழ்ந்தது, தவழ்ந்தது. ஒவ்வொரு வாரமும் மாத்தாயோ "எப்ப வர்றே?" என்பார். "பல்லு முளைக்கட்டும்" என்பாள். பல் முளைத்தது. "நடக்கட்டும்" என்றாள். இப்போது குழந்தை ஓடுகிறதாம். ராரோதோங்காத் தீவில் இருந்த தாத்தாதான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் டின் மாட்டிறைச்சியைத் தின்று காலத்தைக் கழித்தார்.

கடைசியில் தக்காளிதான் காரியத்தைச் சாதித்தது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுப் புனா தன் போனில் அவரைப் படம் பிடித்து ஆக்லாந்துக்கு அனுப்பியிருந்தான். இரண்டு கையிலும் குழந்தைத் தலை அளவுக்குத் தக்காளியை ஏந்திக்கொண்டு மாத்தாயோ இளித்த படம். ஒரு வருஷம் கெஞ்சிக் கெஞ்சி நடக்காதது, அந்தப் படம் போனதும் நடந்துவிட்டது.

"தக்காளியைப் பாத்தே பொண்டாட்டி திரும்பி வர்றான்னா, நீ பூசணி போட்டிருந்தா போன வருஷமே வந்திருப்பாய்யா" என்றான் புனா, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

மாத்தாயோவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்கு மேலே பார்த்தார்.

அந்தச் சரங்கள் சாதாரணமானவை அல்ல. அவர்கள் ஊரான தித்திகாவேக்காவில் பெண்கள் பழைய உடுப்புகளில் மிச்சமான துணியையெல்லாம் விரல் அகலத்துக்குச் சதுரம் சதுரமாக வெட்டி, அவற்றை இணைத்துப் பெரிய பூப்போட்ட போர்வையாகத் தைப்பார்கள். திவாய்வாய் என்று அதற்குப் பேர். கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். எந்தச் சதுரத்துக்கு அடுத்து எந்தச் சதுரம் என்பதைப் போர்வைக்காரி மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, வரிசைக்கு ஒரு சரமாக நூலில் கோத்து வைத்துவிடுவாள். ஆளுக்கொரு சரத்தை எடுத்து, கோத்த வரிசை மாறாமல் தைத்துக்கொண்டே போனால் பூ தானாக விரியும். ஒரு சதுரம் இடம் மாறினால் போச்சு, இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இலை முளைக்கும்.

இதெல்லாம் மாத்தாயோவுக்குத் தெரியாததல்ல. பிறந்தது முதல் அந்த மாதிரிப் போர்வைக்குக் கீழேதான் தூங்குகிறார். தெரிந்தும் ஏன் எடுத்தார் என்று கேட்டால், அவர் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "மைனாவுக்கு." தக்காளியைக் கொத்தவிடாமல் விரட்ட என்று புனாவிடமும் அதைத்தான் சொன்னார். புனாவும் நம்பினான். மைனாக்கள் மட்டும் நம்பவில்லை.

நடந்தது வேறு. கூரா போய்ச் சில வாரம் கழித்து, சுத்தியலைத் தேடிக்கொண்டு அவளுடைய தையல் அறைக்குள் போனார். கதவுக்குப் பின்னால் ஆணியில் சரங்கள் தொங்கின. வெள்ளைச் செம்பருத்தி போட்ட அந்தப் பச்சை, மெரேயின் ஞானஸ்நானத்தன்று கூரா உடுத்தியது. நீலக்கோடு, ஐத்துத்தாக்கித் தீவுக்குப் போகிற படகில் வழியெல்லாம் வாந்தியெடுத்து அவர் தோளிலேயே சாய்ந்துகொண்டு வந்தபோது கட்டியிருந்தது. மஞ்சளில் அவருக்கும் ஒரு சட்டை உண்டு, சபை விருந்துக்கு இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்தாள். மாத்தாயோ சுத்தியலை மறந்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். இருட்டு அறை, பூஞ்சை நாற்றம். அவளுடைய உடுப்பெல்லாம் இப்படி இருட்டில் கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் தொங்கவிட்டார். ஓர் ஓட்டை நாற்காலியையும் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். சாயங்காலத் தேநீர் அங்கேதான். கூரா இல்லாமல் அவரால் முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். நாலு நாள் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆணி இருந்த அறைப் பக்கம் போகவே அப்புறம் பிடிக்கவில்லை.

இப்போது அவசர அவசரமாக இறக்கினார். ஒரு பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. மறுபக்கம் மைனா எச்சம்.

"ஊறப்போடு. எல்லாம் போயிடும்" என்றான் புனா.

பெரிய அலுமினியத் தொட்டியில் தண்ணீர் பிடித்து, சோப்புத் தூளைக் கொட்டி, சரங்களை மொத்தமாக அதில் அமுக்கினார் மாத்தாயோ. கொஞ்ச நேரத்தில் எடுத்துக் கசக்கலாம் என்று தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார். அங்கே பேச்சு வளர்ந்து, திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் தொட்டிப் பக்கம் போனவரைப் புனா வேலியருகிலேயே தடுத்தான்.

"எங்க போறே?"

"துணி அலச."

"ஞாயித்துக்கிழமையா? உன் கொடி கோயில் ரோட்டைப் பாத்துல்ல இருக்கு? ஈரத்துணி தொங்கினா பாஸ்டர் பிரசங்கத்துலயே உன் பேரை இழுத்துடுவாரு."

"அதே சரம் ஒரு வருஷமா எல்லா ஞாயித்துக்கிழமையும் தொங்கிச்சேய்யா."

"அது மைனாவுக்குத் தொங்கிச்சு. இது காயத் தொங்கும். ரெண்டும் ஒண்ணா?"

நியாயமாகத்தான் பட்டது. மாத்தாயோ வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். சரங்கள் அன்று முழுக்கத் தொட்டியில் கிடந்தன. சரத்தில் கொஞ்சம் சிவப்புத் துணியும் உண்டு, சாயம் கெட்டியில்லாத பழைய சிவப்பு. அது ஓய்வு நாள் என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் தொட்டிக்குள் கையை விட்டார். தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது. துணியும் ரோஜா நிறத்தில் இருந்தது. பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை எல்லாம் ஏதோ ஒரு தினுசு ரோஜா. பதறிப்போய் ஒரு சரத்தைப் பிடித்துத் தூக்கினார். வெயிலில் இற்றுப்போன நூல், ஊறியதும் பட்டென்று அறுந்தது. அடுத்ததைத் தூக்கினார். அதுவும் அறுந்தது. சதுரங்கள் அத்தனையும் கலைந்து தொட்டிக்கு அடியில் போய்ப் படிந்தன. கூரா மனசுக்குள் போட்டுவைத்த கணக்கு மொத்தமும் அந்தத் தண்ணீரில் போயிற்று.

புனா எட்டிப் பார்த்தான். "அவ வராம இருந்தா நல்லது" என்றான்.

மாத்தாயோ போனை எடுத்தார். எடுத்த கை முழங்கை வரைக்கும் ரோஜா நிறம்.

"கூரா, இந்த வாரம் வேணாமே."

"என்ன சொன்னீங்க?"

"பாப்பா சின்னது. மெரே தனியாக் கெடந்து கஷ்டப்படுவா. கொஞ்சம் பொறுத்து வாயேன்."

"ஒரு வருஷமா வா வான்னு உசிரை வாங்கினது யாரு?"

"நான்தான்."

"இப்ப வராதேங்கிறது?"

"நான்தான்."

"ஓகோ" என்றாள் கூரா. "சரி. மாத்திக்கிறேன்."

போனை வைத்தபிறகு மாத்தாயோ வெகுநேரம் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எந்த வார்த்தைக்காக ஒரு வருஷம் தவம் கிடந்தாரோ, அந்த வார்த்தை வந்ததும் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அழுகை வரும்போலிருந்தது.

மறுநாள் கலைந்த சதுரங்களை ஒரு பேசினில் அள்ளி, துண்டால் மூடி எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் கோயில் கூடத்துக்குப் போனார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தெப்போரா அக்கா. ஊரில் பாதிப் போர்வைகள் அவள் கை பட்டவை. கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. வாய் மட்டும் அவளோடு சுகமாக இருந்தது.

"அக்கா, ஒருத்தர் கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்று ஆரம்பித்தார் மாத்தாயோ. "சரத்துல வரிசை கலைஞ்சுபோச்சுன்னா திரும்பக் கோக்க வழி உண்டா?"

"அந்த ஒருத்தர் யாரு?"

"நீங்க அவரைப் பாத்ததில்ல. வேற ஊரு."

"வேற ஊர்க்காரருக்கும் கை இந்தக் கலர்தானா?"

மாத்தாயோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வட்டமே குலுங்கிச் சிரித்தது. ஒருத்தி துண்டை விலக்கிப் பேசினுக்குள் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"வரிசை கூரா தலைக்குள்ள இருக்கு. அதை யாரும் எட்டிப் பாக்க முடியாது" என்றாள் தெப்போரா அக்கா. "கறையும் போகாது. இந்தத் துணியெல்லாம் எங்கருந்து வந்துச்சோ அங்க போய்த் தேடு. புதுசா வெட்டு. செவ்வாக்கிழமைக்குச் செவ்வாக்கிழமை இங்க வந்து உக்காந்து கோத்துப் பாரு. என்ன வரிசைன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

"கூராகிட்ட சொல்லிடாதீங்க."

"எங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வராது" என்றாள் அக்கா. மற்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

எங்கிருந்து வந்தது என்று தேடுவதில் கஷ்டமில்லை. கூரா துணியில் ஒரு நூலைக்கூட வீணாக்க மாட்டாள். உடுப்புத் தைத்து மிஞ்சியது ஜன்னல் திரை, திரையில் மிஞ்சியது தலையணை உறை, உறையில் மிஞ்சியதுதான் சரம். ஆகவே சரத்துக்கு வேண்டிய துணியெல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. மாத்தாயோ கத்தரிக்கோலை எடுத்தார். முதலில் கூடத்துத் திரையின் கீழ் மடிப்பில், யார் கண்ணுக்கும் தெரியாத இடமாகப் பார்த்து வெட்டினார். மடிப்பு தீர்ந்துபோனது. கொஞ்சம் மேலே ஏறினார். பிறகு இன்னும் கொஞ்சம். தலையணை உறைகள் அடுத்து. மஞ்சளுக்கு வேறு வழியில்லை, தன் விருந்துச் சட்டையின் முதுகையே வெட்டினார். கோட்டுக்குள்ளே போட்டால் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

புனா ஒருநாள் உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தான்.

"என்னய்யா, வீட்டுக்கே அம்மை போட்டிருக்கு."

"வெளிய தெரியுதா?"

"ரோட்டுல போறவன் உன் அடுப்புல என்ன கொதிக்குதுன்னு சொல்லிடுவான். அந்த அளவுக்குத்தான் தெரியுது."

கோக்கும்போதுதான் நிஜமான கஷ்டம் வந்தது. எதற்கு அடுத்து எது? தெப்போரா அக்காவின் வட்டத்தில் அவரும் ஒருவராக உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு சதுரமாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பூவும் இலையும் அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த வரிசை ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்தன்று அவள் உடுத்திய வெள்ளையை முதலில் கோத்தார். அடுத்து ஐத்துத்தாக்கிப் படகின் நீலம். அப்புறம் மெரே பிறந்த வருஷத்துச் சிவப்பு, ஞானஸ்நானத்துப் பச்சை, விருந்து மஞ்சள். எல்லாச் சரத்தையும் அப்படியே கோத்தார். கோக்கக் கோக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து "இது அப்ப இல்லீங்க, அதுக்கு முந்தி" என்று திருத்துவது போலவே இருந்தது. ஒருமுறை "ஆமால்ல" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் ஆண்பிள்ளை ஒருவர் வாரம் தவறாமல் அங்கே போய்வந்தால் ஊர் சும்மா இருக்குமா? கூராவே போன் செய்தாள்.

"தெப்போரா அக்காவை அடிக்கடி பாக்கப் போறீங்களாமே?"

"அது வந்து, ஜெபத்துக்கு."

"செவ்வாக்கிழமை என்ன ஜெபம்?"

"விசேஷ ஜெபம்." மாத்தாயோவுக்கு வியர்த்தது. இன்னும் இரண்டு சரம் பாக்கி. "கூரா, இன்னும் ஒரே ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்ன? வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். நாத்தம் உனக்கு ஆகாது."

"நீங்க பெயின்ட் அடிக்கிறீங்க."

"ஆமா."

"கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரு கதவுக்குக்கூட அடிக்காதவரு."

"அதனாலதான் இப்ப அடிக்கிறேன்."

அவள் மூச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"சனிக்கிழமை வர்றேன்" என்றாள். "மாப்பிள்ளை சியோனேயும் வர்றாரு, பெட்டி தூக்க. ஒருவேளை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போகணும்னாலும் ஆள் வேணுமே."

அன்று மாத்தாயோவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அழுததாகத்தான் அவருக்குப் பட்டது. துணி போனால் போகிறது, வெட்டிக்கொள்ளலாம். கூராவே மனசு விட்டுப்போய்த் திரும்பிவிட்டால் எந்தத் திரையிலிருந்து வெட்டுவது?

சனிக்கிழமை, தானே கட்டிய வெள்ளைப் பூமாலையோடு விமான நிலையத்தில் நின்றார். மஞ்சள் விருந்துச் சட்டைக்கு மேல் போட்ட கோட்டைக் கழற்றவேயில்லை. வெக்கை ஆளை அவித்தது. கூரா வந்தாள். பின்னால் இரண்டு பெரிய பெட்டிகளோடு மருமகன் சியோனே. நல்ல பையன், மாடு மாதிரி பலம், நாளைக்கு ஒரு வார்த்தை பேசுவான். கூரா தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டாள்.

"மெலிஞ்சுட்டீங்க."

"நீயும்தான்."

"நான் குண்டாயிட்டேன்."

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

வழியெல்லாம் அவள் வாசனை பக்கத்தில் இருந்தது. அதுவே போதும், இப்படியே இந்த ரோடு தீவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

வீட்டுக்குள் நுழைந்ததும் கூரா நின்றாள். திரைகளின் ஓட்டை வழியாக வெயில் தரையெல்லாம் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. ஒரு திரையைத் தொட்டுப் பார்த்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்தாள். பெயின்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் தையல் அறைக்குப் போனாள். சரங்கள் ஆணியில் இருந்தன.

ஒன்றைக் கழற்றி, சதுரம் சதுரமாக விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"இது என் வரிசை இல்ல."

"இல்ல."

"இதுல பூவே வராது."

"தெரியும்."

அவள் திரும்ப முதலிலிருந்து தள்ளினாள். வெள்ளை. நீலம். சிவப்பு. பச்சையில் விரல் நின்றது. மஞ்சளுக்கு வந்ததும் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "கோட்டைக் கழட்டுங்க" என்றாள். கழற்றினார். "திரும்புங்க." திரும்பினார். சட்டையில் முதுகு இல்லை.

"எதுக்குச் சரத்தை வெளிய எடுத்தீங்க?"

மாத்தாயோ கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"மைனாவுக்கு" என்றார்.

"மைனாவுக்கு" என்று அவளும் சொன்னாள். சட்டென்று முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து, வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

மாத்தாயோ முதுகில்லாத சட்டையோடு தோட்டத்துக்கு நடந்தார். சியோனே பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் அந்த ஓட்டை நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"பெட்டியைப் பிரிக்காதப்பா" என்றார் மாத்தாயோ. குரல் உடைந்திருந்தது. "உங்க மாமி அடுத்த பிளேன்லயே போயிடுவா. என் தக்காளியைப் பாத்து ஆசையா வந்தவ. நான்தான் கெடுத்துட்டேன்."

சியோனே அவரைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், அன்றைய ஒரு வார்த்தையைத் தாண்டியே பேசினான்.

"மாமா, அந்தத் தக்காளிப் படத்துலயே பின்னாடி சரமெல்லாம் தொங்கிச்சு. அப்பா மைனா விரட்டக் கட்டியிருப்பாருன்னு மெரே சொன்னா. 'மைனா விரட்டறதுக்கு எதுக்குடி கீழ நாற்காலி'ன்னு கேட்டுட்டு, மாமி அன்னிக்கே டிக்கெட் போட்டுட்டாங்க."